அஸ்கா இல்லாத வீடு

கோயமுத்தூர்ப் பக்கம் மளிகைக் கடையில் போய்ச் சக்கரை என்று கேட்டால், பழுப்பு நிறத்தில் கரும்பு வாசம் அடிக்கும் நாட்டுச்சக்கரையைத்தான் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். வெள்ளை வெளேரென்று பரல் பரலாக இருப்பதற்கு இங்கே பெயர் அஸ்கா. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல் ஏறி நின்றுதான் கருமத்தம்பட்டி வெள்ளியங்கிரி ஒன்பது வருடங்களாகப் பெரிய மனிதராக இருந்து வந்தார்.

அவருக்குத் தொழில் விசைத்தறி. ஆனால் தறியைப் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. 'கொங்கு மரபுணவுப் பேரவை'யின் நிறுவனத் தலைவர் அவர். பேரவையில் உறுப்பினர்கள் நூற்றுப் பதினான்கு பேர். தினமும் காலை ஐந்தரை மணிக்கு அத்தனை பேருடைய போனும் ஒரு முறை அதிரும். வெள்ளியங்கிரியின் செய்தி வந்திருக்கிறது என்று அர்த்தம். சாமையின் மகிமை, கம்பின் பெருமை, அஸ்காவின் அட்டூழியம் என்று முறை வைத்து எழுதுவார். "அஸ்கா ஆளைத் தின்னும், சக்கரை ஆளைக் காக்கும்" என்பது அவரே யோசித்து எழுதிய வாசகம். தறிக்குடோன் சுவரிலும் காரின் பின் கண்ணாடியிலும் அது இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் பேரவை அவருக்கு 'மரபுணவு மாமணி' என்று பட்டம் கொடுத்தது. கொடுக்கலாம் என்று முன்மொழிந்தவர் பொருளாளர் லட்சுமிநாராயணன். முன்மொழியச் சொன்னவர் வெள்ளியங்கிரி.

வீட்டுக்குள் அஸ்கா கடைசியாக நுழைந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. அதற்குப் பதிலாக நுழைந்தவை ஏராளம். காபிக்கு மூன்று கரண்டி நாட்டுச்சக்கரை. இயற்கையானது என்பதால் கணக்குக் கிடையாது. சந்தகை என்கிற இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பால், அதன் மேல் சக்கரை. நோம்பி, பண்டிகை வந்தால் போளிபோல ஒப்புட்டு, வராவிட்டால் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம். தொண்டாமுத்தூரிலிருந்து அன்பர் ஒருவர் அனுப்பும் தேன் தனி.

பேரவையின் ஆண்டு விழாவில் இலவச ரத்தப் பரிசோதனை முகாம் வைக்கலாம் என்று யாரோ சொன்னபோது, முதல் விரல் தன் விரலாகத்தான் இருக்க வேண்டும் என்று வெள்ளியங்கிரி தீர்மானமாகச் சொல்லிவிட்டார். மரபுணவு சாப்பிடுகிறவனின் ரத்தம் எப்படி இருக்கும் என்று ஊர் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றியானதும் விரலைக் குத்துவதற்கு ஏற்பாடானது. பட்டுத்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெள்ளியங்கிரி நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் மைக்கோடு லட்சுமிநாராயணன். எதிரே போட்டோக்காரர். பெண்கள் வரிசையில் மூன்றாவதாக மனைவி புவனா. பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்திருந்த ரித்திகா என்ற பெண் ஊசியால் ஒரு குத்துக் குத்தி, ரத்தத்தைப் பட்டையில் தொட்டு, கருவியில் செருகினாள். ஐந்து விநாடி. அந்தப் பெண் கருவியைப் பார்த்தாள், வெள்ளியங்கிரியைப் பார்த்தாள், மறுபடியும் கருவியைப் பார்த்தாள்.

கருவியில் 287 என்று இருந்தது.

"எவ்வளவுங்க தலைவரே?" என்று மைக்கை நீட்டினார் லட்சுமிநாராயணன்.

வெள்ளியங்கிரி தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தச் செருமலில் இருநூறு உள்ளே போய்விட்டது. "எண்பத்தேழுங்க" என்றார்.

மண்டபம் கைதட்டியது. லட்சுமிநாராயணன் மைக்கில் அதை இரண்டு முறை அறிவித்தார். இருபது நிமிடத்தில் பேரவைக் குழுவில் படம் வந்துவிட்டது: தலைவர் சிரிக்கிறார், தலைக்கு மேல் பெரிய எழுத்தில் 87.

கூட்டம் பந்திக்குக் கலைந்ததும் ரித்திகா ஒரு சீட்டை மடித்து அவர் கையில் கொடுத்தாள். அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கும்போல் தெரிகிறது, ஆனால் இந்த ஒரு குத்தை வைத்து முடிவாகச் சொல்ல முடியாது, வெறும் வயிற்றில் ஒன்றும் சாப்பிட்ட பிறகு ஒன்றும் பார்த்துவிட்டு, மூன்று மாதச் சராசரியும் பார்க்க வேண்டும் என்று தணிந்த குரலில் சொன்னாள். இரண்டு நாள் பட்டினி கிடந்தால் இறங்கிவிடுமா என்று வெள்ளியங்கிரி விசாரித்தார். மற்றவை இறங்கலாம், சராசரி இறங்காது, மூன்று மாதமாகச் சாப்பிட்டதையெல்லாம் அது ஞாபகம் வைத்திருக்கும் என்றாள் அவள்.

"அம்மணி, எங்கூட்ல அஸ்காவே கெடையாதுங்களே" என்றார் அவர்.

ரித்திகாவுக்குத் திண்டுக்கல் பக்கம். அஸ்கா என்பது ஏதோ மாத்திரையின் பெயர் என்று நினைத்துக்கொண்டாள். "அதெல்லாம் டாக்டர் எழுதிக் குடுக்காம நீங்களா சாப்பிடக் கூடாது சார்" என்றாள்.

பந்தியில் அவர் இலைக்கு இரண்டு ஒப்புட்டு வந்தது. ஒன்றைப் பாதி தின்றுவிட்டு, மீதியை வாழ்க்கையில் முதல் முறையாக இலைக்கு அடியில் மறைத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து ஊஞ்சலில் படுத்தவர் மல்லாந்தபடி விட்டத்தைப் பார்த்து யோசித்தார். நாட்டுச்சக்கரையால் நோய் வராது. அது அவரே நூறு மேடைகளில் நிரூபித்தது. வந்திருக்கிறது என்றால், அஸ்காவால்தான் வந்திருக்க வேண்டும். வீட்டில் அஸ்கா இல்லை. ஆகவே, வீட்டில் யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பது இரண்டு பேர். மகன் மிதுன் பெங்களூரில். மீதி இருப்பது புவனா.

இவ்வளவு தெளிவாக அவர் ஒன்பது வருடங்களில் எதையும் யோசித்ததில்லை.

புவனா மதியத்துக்கு மேல் அடுத்த வீதியில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். பொழுதோடு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, வந்துவிடுவதாகச் சொன்னாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் வெள்ளியங்கிரி பட்டுத்துண்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனார். தண்ணீர் குடிப்பதற்கன்றி அவர் அங்கே போவது அபூர்வம். எது எங்கே இருக்கிறது என்று தெரியாததால் எல்லாவற்றையும் இறக்கினார். நாட்டுச்சக்கரை ஒரு தூக்கு நிறைய. கருப்பட்டி ஒரு பானை. தேன் நான்கு பாட்டில். பேரீச்சம்பழம். கச்சாய டின். எல்லாவற்றையும் வரிசையாக மேடை மேல் வைத்துவிட்டு எட்டி நின்று பார்த்தார். அஸ்கா மட்டும்தான் இல்லை. கொஞ்ச நேரம் அந்த வரிசை அவரைப் பார்ப்பதுபோல இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேல் தட்டின் மூலையில் ஒரு எவர்சில்வர் டப்பா பாக்கி இருந்தது. சாமை என்று அவரே எழுதி ஒட்டிய சீட்டு அதன் மேல் இருந்தது. சாமையைப் பற்றி அவர் ஆறு செய்திகள் எழுதியிருக்கிறார். மேடையில் பேசினால் முக்கால் மணி நேரம் ஆகும். டப்பாவை மட்டும் திறந்ததில்லை. எதையாவது ஒளித்து வைக்க வேண்டுமானால் அவர் ஒருக்காலும் கை வைக்காத இடம் அதுதான் என்று அவருக்கே அப்போது பட்டது.

திறந்தார். பாதி டப்பா சாமை இருந்தது. அதன் மேல், ரப்பர் வளையம் போட்டு, நான்கு மாத்திரை அட்டைகள். அடியில் மடித்த ஒரு காகிதம். அவிநாசி டாக்டர் ஷ்ரவ்யாவின் மருந்துச்சீட்டு. பெயர்: புவனா. வயது: 49. மேல் ஓரத்தில் மூன்று வருடங்களுக்கு முந்தைய ஒரு தேதியும் அதற்கு நேரே 'சர்க்கரை நோய்' என்றும் இருந்தது.

அவர் அதை நின்றபடி ஒரு முறையும், ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு முறையும் படித்தார்.

மாதத்துக்கு ஒரு முறை புவனா அவிநாசி கோயிலுக்குப் போவாள். பிரதோஷம் இல்லாத நாளிலும் போவாள். அதைப் பற்றி, 'என் துணைவியாரின் சிவபக்தி' என்று தலைப்பிட்டு அவர் ஒரு காலைச் செய்தியே எழுதியிருக்கிறார். எழுபத்தொரு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

அவளுடைய காபி எந்த நிறத்தில் இருக்கும், அதில் அவள் சக்கரை போடுகிறாளா என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. முப்பது வருடமாக எதிரே உட்கார்ந்து குடிக்கிறவளின் டம்ளரை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

புவனா சொன்னதைவிடச் சீக்கிரமாகவே வந்துவிட்டாள். சமையலறை வாசலில் நின்று, மேடை மேல் வரிசை கட்டி நின்ற டப்பாக்களையும், ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கணவரையும், அவர் மடியில் இருந்த சாமை டப்பாவையும் பார்த்தாள்.

"ஏனுங்க, என்ன தேடறீங்க?"

"அஸ்கா."

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று அவர் பயந்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்து முடித்துவிட்டு மாத்திரை அட்டைகளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"மூணு வருசமா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லுலியே புவனா."

"சொல்லத்தானுங்க வந்தேன். அன்னைக்கு நீங்க கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்துட்டிருந்தீங்க. 'சக்கரை நோயே அறியாத கொங்கு மண்'ணுன்னு. கூட்டம் முடியட்டும்னு இருந்தேன். அப்பறம் பட்டம் குடுத்தாங்க. மாமணி ஊட்ல சக்கரைன்னா நாலு பேரு சிரிப்பாங்களேன்னு இருந்தேன். அப்பிடியே நாளு தள்ளிப் போயிருச்சு."

சாமை எப்படிப் பாதி டப்பா ஆயிற்று என்று அவர் கேட்டார். அவர் தறிக்குப் போன பிறகு மத்தியானத்தில் தான் சாப்பிடுவது அதுதான் என்றாள் புவனா. காபியில் சக்கரை இல்லை, பொழுதோடு அரை மணி நேர நடை, சாமை. சக்கரையை அந்த மட்டில் கட்டுக்குள் வைத்திருப்பதாக டாக்டர் பாராட்டினாராம். "நூத்திப் பதினாலு பேர்ல உங்க பேச்சக் கேட்டு நடந்தது நான் ஒருத்திதானுங்க" என்றாள். அதை அவள் குத்திக் காட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. சொல்லாததால் இன்னும் ஆழமாகக் குத்தியது.

அவர் சட்டைப் பையிலிருந்த மடித்த சீட்டை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. இருநூறுக்கு மேலேதானே என்று கேட்டாள்.

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்தேன். எண்பத்தேழுக்கு யாரும் அப்பிடி முழிக்க மாட்டாங்க."

வெள்ளியங்கிரி சீட்டைப் பழையபடி மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு சம்பந்தமில்லாமல் அப்பாவைப் பற்றிப் பேசினார். எண்பத்திரண்டு வயது வரைக்கும் வாய்க்கால் வரப்பில் நடந்தவர் என்று ஒவ்வொரு மேடையிலும் அவர் அப்பாவைச் சொல்லுவது வழக்கம். நடந்தது நிஜம்தான். எழுபத்தொன்பதிலிருந்து ஒரு காலும் இரண்டு கட்டையுமாக நடந்தார் என்பதை மேடையில் சொல்வதில்லை. கட்டைவிரலில் ஒரு முள் குத்தியதில் ஆரம்பித்தது. ஆறு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர் வெள்ளியங்கிரி. அஸ்காவை வீட்டை விட்டு விரட்டியது அதற்கு அடுத்த மாதம். யாரையாவது விரட்டியாக வேண்டியிருந்தது.

"எனக்கும் காலு போயிருமா புவனா?" என்றார். நூற்றுப் பதினான்கு பேருக்கு ஆரோக்கியம் போதித்த குரல் அது என்று யாரும் நம்பமாட்டார்கள்.

புவனா உள்ளே போய் டார்ச்சையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் எடுத்து வந்தாள். கீழே உட்கார்ந்து அவர் வலது காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல் விரலாக விரித்து, இடுக்கில் வெளிச்சம் அடித்து, குதிகாலுக்கு அடியில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தாள். தினமும் பொழுதோடு அவள் தன் காலை இப்படிப் பார்ப்பதை அவர் கவனித்திருக்கிறார். பித்தவெடிப்புக்கு மருந்து போடுகிறாள் என்று நினைத்திருந்தார். அவர் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கியவர்கள் உண்டு, போட்டோ கூட இருக்கிறது. அவர் காலைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"ஒண்ணுமில்லீங்க. நகந்தான் வெட்டோணும்" என்று இடது காலை இழுத்தாள். "அப்ப பாக்கறதுக்கு ஆளில்லீங்க. முள்ளு குத்துனது மாமாவுக்கே பத்து நாளு தெரியுலே. இப்ப நானிருக்கறேனல்லோ."

நோய் தெரிந்த முதல் நாள் நீ என்ன செய்தாய் என்று அவர் கேட்டார். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வீட்டுக்கு வரவில்லை என்றாள். பேக்கரியில் போய் உட்கார்ந்து ஒரு தேங்காய் பன் முழுசாகத் தின்றாளாம். அழுதுகொண்டே தின்றாளாம். பேக்கரிக்காரர் பன் சரியில்லையோ என்று நினைத்து வேறு ஒன்று கொண்டுவந்து வைத்துவிட்டார்.

"அதையும் தின்னியா?"

"அவரு மனசு சங்கடப்படுமல்லோ."

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு நூற்றுப் பதினான்கு போன்களும் அமைதியாக இருந்தன. மூன்று பேர் மட்டும் தலைவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டு எழுதினார்கள். அவர் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். வெறும் வயிற்றோடு இருவரும் அவிநாசிக்குக் கிளம்பினார்கள். காரை ஆஸ்பத்திரிக்கு நான்கு கடை தள்ளி நிறுத்தினார் வெள்ளியங்கிரி. பின் கண்ணாடி வாசகம் சுவரைப் பார்த்தபடி இருக்கட்டும் என்றார்.

காத்திருக்கும் கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். புவனாவைப் பார்த்ததும் வரவேற்பு மேசையிலிருந்த நர்ஸ், வாங்கக்கா என்று சொந்த வீட்டுக்கு வந்தவளைப் போலக் கூப்பிட்டாள். வெள்ளியங்கிரி ஓர் ஓரமான நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலிக்காரர் செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். வெகு நேரமாகியும் பக்கத்தைத் திருப்பவில்லை. தாளின் கீழே தெரிந்த வேட்டிக்கரையும், பச்சைக்கல் மோதிரமும் வெள்ளியங்கிரிக்கு நன்றாகத் தெரிந்தவை. நேற்று மைக்கைப் பிடித்திருந்த மோதிரம்.

"லட்சுமிநாராயணன்," என்றார் மெதுவாக.

தாள் இரண்டு அங்குலம் இறங்கியது. "வாங்க தலைவரே. ஊட்ல அவங்களுக்கு வேண்டி வந்தேனுங்க."

அவர் வீட்டம்மா வெங்கடம்மாளை அந்தக் கூடத்தில் எங்கும் காணவில்லை. வெள்ளியங்கிரி அதைக் கேட்கவில்லை. "நானும் ஊட்ல இவளுக்குத் துணைக்கு வந்தேனுங்க" என்றார். இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டார்கள். தாள் மறுபடியும் மேலே ஏறியது.

அப்போது நர்ஸ் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, புதுசா வந்திருக்கற வெள்ளியங்கிரி யாருங்க என்று கூடத்துக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்.

புவனா கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்திருக்கச் சொல்லவும் இல்லை. மடியிலிருந்த பையின் வாரைச் சரி செய்துகொண்டிருந்தாள். கால் விரல் ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்த அதே விரல்கள். வெள்ளியங்கிரி அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நானுங்க" என்று எழுந்தார்.

நர்ஸ் வயதைக் கேட்டு எழுதினாள். குடும்பத்தில் வேறு யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டாள்.

"அப்பாவுக்கு இருந்துச்சுங்க. காலு எடுத்தாங்க. ஊட்ல இவங்களுக்கு மூணு வருசமா இருக்குது. எனக்கு நேத்து முகாம்லதான் தெரிஞ்சுது."

"முகாம்ல எவ்வளவுங்க இருந்துச்சு?"

வெள்ளியங்கிரிக்குச் செருமல் வந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

"இருநூத்தி எண்பத்தேழு."

செய்தித்தாள் முழுவதுமாக இறங்கியது. மடித்துப் பக்கத்தில் வைத்தார் லட்சுமிநாராயணன். "நான் அந்த ரெண்டப் பாத்தேனுங்க தலைவரே" என்றார். "பக்கத்துலதான நின்னேன்."

"பாத்துப்போட்டா மைக்ல ரெண்டு தடவ சொன்னீங்க?"

"எனக்கு இது வந்து அஞ்சு வருசமாச்சுங்க, நானே யார்கிட்டயும் சொல்லுலே. நீங்க மட்டும் ஒடனே சொல்லோணும்னு நான் எப்பிடிங்க எதிர்பாக்கறது."

ரத்தம் கொடுத்து முடித்த பிறகு, சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் வரச் சொன்னார்கள். சராசரி சாயங்காலம் வரும். அது எவ்வளவாக இருந்தாலும் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் போவது என்று புவனா சொல்லிவிட்டாள். அவர் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கவாட்டில் வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. மூன்று பேரும் அதில் உட்கார்ந்தார்கள். புவனா பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்தாள். சாமை உப்புமா. தேங்காய் சட்னி தனியாக. மூன்று பேருக்கும் போதுமான அளவு இருந்தது. லட்சுமிநாராயணன் தனக்கு வேண்டாம் என்று இரண்டு முறை மறுத்துவிட்டு, மூன்றாம் முறை கை நீட்டினார்.

வெள்ளியங்கிரி ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றார். வெகு நேரம் மென்றார். புவனா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்குதுங்களா?"

அவர் விழுங்கினார். பொய்யை விட்டு அப்போதுதான் அரை மணி நேரம் ஆகியிருந்தது. மறுபடியும் ஆரம்பிக்க மனம் வரவில்லை.

"பேசறப்ப நல்லா இருந்துச்சு புவனா" என்றார்.

லட்சுமிநாராயணனுக்குப் புரையேறியது. புவனா அவருக்குத் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, கணவர் கையில் இன்னும் கொஞ்சம் சட்னியை வைத்தாள். அடுத்த வாய்க்கு அவர் தானாகவே கை நீட்டினார்.